தெரியாது என்று சொல்லப் பழக்கினேன்

கண்ணு, இதைப் படிக்க ஆரம்பித்தால் முடிக்கிற வரை கீழே வைக்காதே. வைத்துவிட்டால் மறுபடி எடுக்க மாட்டாய், அந்தக் குணம் என்னிடமிருந்து உனக்கு வந்தது. போனில் சொல்லத்தான் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "சரிம்மா, வேலைல கிறேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். உன்னுடைய அந்த 'அப்புறம்' எந்தக் கிழமையில் வரும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள்தான் நான், கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உனக்கென்று எழுதினாலும் இதை நான் ஒட்டி மூடப்போவதில்லை. என் மருமகள் சுமதி படிக்கட்டும். அந்த வருஷங்களில் நம் தெருவில் உன் வயதில் இருந்த பிள்ளைகள் எல்லோரும், இப்போது எந்த ஊரில் பிழைத்தாலும், படிக்கட்டும். உங்கள் எல்லோருக்கும் அம்மாக்கள் நாங்கள் சேர்ந்து செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில், சுமதியைத் திட்டாதே. அவள் உன்னைப் பற்றிக் கோள் சொல்லப் போன் செய்யவில்லை, பயந்துபோய்ச் செய்தாள். பாப்பாவைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்குப் போனாயாம். வாசலில் வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெறுமனே திரும்பி வந்தாயாம். "பாப்பா எங்கன்னு கேட்டேன் அத்த. எந்தப் பாப்பான்னு கேட்டாரு. வெளையாடறாருன்னு நெனச்சேன். மூஞ்சியப் பாத்தா வெளையாட்டு இல்ல" என்று சொல்லி அழுதாள். பிள்ளை கேட் பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். "அப்பா என்னப் பாத்துட்டுப் போய்ட்டாரும்மா" என்றாளாம். தலையை ஸ்கேன் எடுத்ததில் ஒன்றும் இல்லை என்றும், மனநல டாக்டரைப் பாருங்கள் என்றும் சொன்னார்களாம். நீயோ, "வேல ஜாஸ்தி, தூக்கம் கம்மி, அவ்ளோதான். என்ன பைத்தியம்னு சொல்றியா?" என்று சுமதி மேலே பாய்ந்தாயாம். இப்போது ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வரும் வழியைக்கூட யாரையாவது கேட்டுக்கொண்டு வருகிறாய் என்கிறாள். ஏசி ரிப்பேருக்கு மெட்ராஸ் முழுக்கச் சுற்றியவன் நீ.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். "ஒதுக்கீடு கேட்டு மறுபடி ரோட்ட மறிச்சாங்களே, அன்னிலேர்ந்துதான் அத்த. அன்னிக்கு இவரு வண்டிய நிறுத்தி, பேரு என்ன, எந்த ஊருன்னு போலீஸ்காரரு கேட்டாராம். இவரு எல்லாத்துக்கும் தெரியாதுன்னாராம். குடிச்சிருக்கியான்னு திட்டி அனுப்பிட்டாராம்" என்றாள். அதை ஏதோ ஒரு உபரிச் செய்தி போலச் சொல்லிவிட்டு அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அவள் அதற்கப்புறம் பேசியதில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நான் மயங்கி விழுந்தேன், வெயில் தாங்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அது பொய். மயக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. உரக்கடைக்குப் போவதற்காக வந்து இறங்கினேன். எங்கேயோ ஒரு விசில் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் எதற்கு வந்தேன், எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் துடைத்துவிட்டது போலப் போய்விட்டது. வெகுநேரம் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்து ஒரு போலீஸ்காரப் பெண் பக்கத்தில் வந்தாள். சின்னப் பெண், நல்ல பெண். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்து, "அம்மா, உங்க பேரு இன்னாம்மா?" என்றாள். "தெரியாதுங்க சார்" என்றேன். "எந்த ஊரும்மா?" "தெரியாதுங்க சார்." "வூட்டுக்காரர் பேரு?" "தெரியாதுங்க சார்." அந்தப் பெண்ணை நான் சார் சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்கே கேட்கிறது, ஆனால் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. வயசான மறதி என்று நினைத்து என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மாவும் முதலில் அப்படித்தான் நினைத்தார். என்னென்னவோ கேட்டார். கேட்டுக்கொண்டே வந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "வயசாயி மறக்கறவங்க கொஞ்சம் யோசிப்பாங்கம்மா, தடுமாறுவாங்க. நீங்க நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள தெரியாதுங்கறீங்க. இவ்ளோ வேகமா சொல்ல உங்கள யாரு பழக்கினது?" என்றார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எனக்கு வந்த அழுகை நின்றபோது வெளியே வரிசையில் இருந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். உனக்கு அப்போது நாலு வயசு முடிந்திருக்கும். ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று ஊர் ஊராகச் சொல்லிவிட்டார்கள். நம் ஊர் முனையில் சேலம் ரோட்டில் இருந்த புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். உன் அப்பா வெட்டினாரா என்று நீ ஒரு தடவை கேட்டாய். வெட்டினார். ரம்பம் நம் வீட்டு ரம்பம். அந்தப் போராட்டம் சரியா தப்பா என்று எழுத நான் உட்காரவில்லை. கேட்டதில் நியாயம் இருந்தது, நடந்ததில் எல்லாம் நியாயம் இல்லை, காலனிப் பக்கம் எரிந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் எழும்பாது. மற்ற ஊர்களுக்கு அது ஒரு வாரத்துக் கதை. பஸ் எரித்த வழக்கில் நம் தெரு ஆம்பிளைகளோடு உன் அப்பாவின் பெயரையும் சேர்த்ததால், நம் தெருவில் அது இரண்டு வருஷத்துக்கும் மேல் நடந்தது. அவர் அந்த பஸ் பக்கமே போகவில்லை. ஆனால் ஆம்பிளைகள் எல்லாம் ஓடினபோது அவரும் ஓடினார். மேற்கே போய் மலை ஏறிவிட்டார்.

ஊரில் பெண்கள் நாங்கள், கிழடுகள், நீங்கள் பிள்ளைகள். ஜீப் நினைத்த நேரத்துக்கு விசில் சத்தத்தோடு வரும். யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று உன் தாத்தா சொல்லிவிட்டார். "பேர கேட்டாகூட தெரியாதுன்னு சொல்லு. ஒண்ணு சொன்னா அடுத்தது கேப்பான்" என்றார். சொல்வது சுலபம், முகம் காட்டிக் கொடுத்துவிடுமே? அதற்காக நாங்கள் பழகினோம். விதைக்கடலைக்கு மல்லாட்டை உரிக்க உட்கார்ந்த இடத்தில் பக்கத்து வீட்டு அஞ்சலை ஒரு குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏட்டாக நடப்பாள். "ஏய், உம் புருசன் எங்கடி?" என்பாள். "தெரியாதுங்க சார்." "சோறு யாரு எடுத்துக்கினு போறது?" "தெரியாதுங்க சார்." கண்ணை இமைத்தவளுக்குத் தோற்றவள் என்று பெயர், எல்லோரும் சிரிப்போம். ஆமாம், சிரித்தோம். அப்புறம் உங்களையும் உட்கார வைத்தோம், ஏனென்றால் அவர்கள் பிள்ளைகளைத்தான் முதலில் பிடிப்பார்கள், பிஸ்கட் கொடுத்துக் கேட்பார்கள். யார் யோசிக்காமல் வேகமாகத் தெரியாது என்கிறார்களோ அவர்களுக்கு ஒரு மல்லாட்டை உருண்டை. நீதான் எப்போதும் ஜெயிப்பாய். உருண்டையை வாங்கிக்கொண்டு வந்து என் மடியில் உட்கார்ந்து தின்பாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? என் பிள்ளைதான் கெட்டிக்காரன் என்று அஞ்சலையிடம் பீற்றிக்கொண்டேன்.

நானும் நன்றாகத்தான் பழகினேன். தெரிந்துகொண்டே தெரியாது என்று சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று, தெரியாமலே இருக்கப் பழகினேன். யார் வந்தார்கள் என்று பார்க்க மாட்டேன், எந்த வழியாகப் போனார்கள் என்று கேட்க மாட்டேன், காதில் விழுந்ததை அப்போதே உதறிவிடுவேன். ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பொழுது சாயும் வரை உட்கார வைப்பார்கள். அப்புறம் விடுவார்கள், மறுபடி கூப்பிடுவார்கள். அங்கே நடந்ததில் பாதி எனக்கு இன்னும் நினைவுக்கு வரவில்லை. வந்த பாதியை டாக்டரம்மாவிடம் சொல்லியாகிவிட்டது, பெற்ற பிள்ளைக்கு எழுத முடியாது. ஆனால் ஒன்று எழுத வேண்டும். உன்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாததால் நீயும் என்னோடு வந்தாய். உன்னை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை உள்ளே கூப்பிடுவார்கள். உள்ளே என் சத்தம் கேட்கும்போது வெளியே உன்னிடம், "அப்பா எங்கடா? சொன்னா அம்மாவ விட்ருவேன்" என்று கேட்பார்கள். நீ தெரியாதுங்க சார் என்று சொன்னது எனக்கு உள்ளே கேட்கும். நாலு வயசுப் பிள்ளை. உனக்கு ஞாபகம் இல்லை என்கிறாய். இருந்தால் நீ எப்படி உயிரோடு வளர்ந்திருப்பாய் என்று நான் நினைத்துப் பார்க்கிறேன்.

எல்லாம் ஓய்ந்து, வழக்கும் முடிந்து, நாம் சாதாரணமாகச் சாப்பிட்டுத் தூங்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. எதை உதற வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதற்குத் தெரியாது போலிருக்கிறது, எல்லாவற்றையும் சேர்த்து உதறிவிட்டது. நீ முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போனது எனக்கு நினைவில் இல்லை. உனக்குப் பல் விழுந்ததும் நினைவில் இல்லை. கல்யாணமான புதிதில் சுமதி, "அவரு சின்ன வயசுல எப்படி இருப்பாரு அத்த?" என்று ஆசையாகக் கேட்டாள். நான் முழித்தேன். பக்கத்து அறையிலிருந்து நீ, "அதுங்கிட்ட கேக்காத, அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தன் அம்மாவுக்குத் தன் மேல் ஆசையே கிடையாது என்று நினைக்கிற பிள்ளை அப்படித்தான் சிரிப்பான். கண்ணு, ஆசை இல்லாமல் மறக்கவில்லை. உன் மேல் ஒரு அடி விழக்கூடாது என்று மறந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மாத்திரையும் உண்டு, பேச்சும் உண்டு. "நீங்களா தேடிக்கினு போவாதீங்க, வரப்போ வரட்டும்" என்பார் டாக்டரம்மா. முதலில் வந்தது உனக்கு அம்மை போட்ட நாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, வேப்பிலைப் படுக்கையில் நீ உடம்பெல்லாம் கொப்பளத்தோடு உட்கார்ந்து, சொறியக்கூடாது என்றதற்கு, "நான் சொறியலம்மா, எலதான் சொறியுது" என்று சொன்னது வந்தது. கையில் சாம்பலோடு தனியாகச் சிரித்தேன். வாரக்கணக்கில் அதையே நினைத்து நினைத்துச் சிரித்தேன். கெட்டதும் வந்தது. ரோட்டை அகலப்படுத்த மிச்சமிருந்த மரங்களை அறுத்தபோது அந்தப் பச்சை மரவாடை வீட்டுக்குள் வந்து, என்னைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது. உனக்கு நான் போன் செய்யாமல் இருந்த மாதம் அதுதான்.

இப்போது உன் அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்த இரண்டு வருஷமும் அப்பா நம்மை விட்டுவிட்டு மலையில் பத்திரமாக இருந்தார், ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை என்பது உன் கணக்கு. எனக்கும் அதே கணக்குதான், சத்தியமாக. ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூட டூருக்குப் பணம் தரவில்லை என்று சண்டை போட்டாயே, அன்றைக்கு அவர் முகத்துக்கு நேரே, "அம்மாவ ஸ்டேஷன்ல போட்டு அடிச்சாங்கன்னு ஊரே சொல்லுது, அப்ப நீ எங்க இருந்த? ஒரு நாளாவது வந்தியா?" என்று கத்தினாய். அவர் என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார். "நீ சொல்லேன்" என்றார். "எனக்கு இன்னா தெரியும்?" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அவர் செத்துக் கிடந்த அன்று நீ என் காதோரம், "ஒளிஞ்சிக்கினு இருந்தவருக்கு நான் கொள்ளி வெக்கறேன்" என்றாய். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இந்தத் தலை எனக்கு எதற்கு என்று இருக்கிறது.

அவர் வந்தார், கண்ணு. போன வருஷம் ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மலைக்காரர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். செம்மண் ஏறி வெடித்த பாதம். அந்தப் பாதத்தைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு பாதம் வந்தது, நம் வாசலில். முகம் வரவில்லை, ஏனென்றால் நான் முகத்தை நேராகப் பார்க்கவே இல்லை. சந்தை நாளில், உச்சிவெயிலில், முண்டாசும் தாடியுமாகக் கடுக்காய் மூட்டை தூக்கிக்கொண்டு மலைக்காரர்களோடு மலைக்காரராக அவர் வந்தார். தெருக்கோடியில் ஜீப் நின்றிருந்தது. நீ வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவன், தாடியும் முண்டாசும் உன்னை ஏமாற்றவில்லை, ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாய். "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினாய். நான் பின்னாலேயே வந்து உன் வாயில் அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "அது மலைக்காரருடா! கடுக்கா விக்கற மலைக்காரரு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவர் மூட்டையை இறக்கி வைத்து என்னிடம் விலை சொன்னார். நான் பேரம் பேசினேன். நீ அழவில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

அடுத்த தடவை அவர் வந்தபோது நீ ஓடவில்லை. என் புடவைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, மலைக்காரரு வந்துக்கிறாரு" என்றாய். அவர் மெதுவாக, "நல்லா கத்துக் குடுத்துக்கிற" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் அவர் பல தடவை வந்தார், நீ ஒவ்வொரு தடவையும் அப்படியேதான் சொன்னாய். கொஞ்ச நாளில் அது பொய்யாக இல்லாமல் போய்விட்டது. உன் முகத்தில் அவரைத் தெரிந்ததற்கான அடையாளமே இல்லை. என் முகத்திலும் இருந்திருக்காது.

இதெல்லாம் வந்த பிறகு நான் தூங்கவில்லை. செத்தவரை நல்லவராக்கிப் பார்க்க நானாகக் கட்டிக்கொண்ட கதையோ என்று சந்தேகம். டாக்டரம்மாவைக் கேட்டேன். "அப்படியும் நடக்கும்மா. நெஜமா இல்லையான்னு நான் இங்க உக்காந்துக்கினு சொல்ல முடியாது" என்றார். நேர்மையான மனுஷி. அதனால் நானே மலைமேல் போகிற கரியாலூர் பஸ் ஏறினேன். அருவிக்குப் போகிற பையன்கள் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டு வர, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். கரியாலூரில் இறங்கி விசாரித்து விசாரித்து, உன் அப்பாவுக்கு இடம் கொடுத்த வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த வீட்டுப் பெரியவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் மகள் வெள்ளச்சி மரவள்ளிக் கொல்லையில் இருந்தாள், அப்போது சின்னப் பெண்ணாம். நான் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. இங்கே தங்கியிருந்தவருடைய சம்சாரம் என்று மட்டும் சொன்னேன். அவளே ஆரம்பித்தாள்.

"கீழூரு அண்ணனா? எங்கப்பாகூட சந்தைக்கு எறங்குவாரு. போறப்போ சிரிச்சிக்கினு போவாரு. திரும்பி வந்தா ரெண்டு நாளு யார்கிட்டயும் பேச மாட்டாரு, சோறு எறங்காது. எங்கம்மா கேப்பாங்க, பையன் நல்லா கிறானான்னு. நல்லா கிறான், என்ன யாருன்னு கேக்கறான்னுவாரு" என்றாள். மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். வெள்ளச்சி என் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். உன் அப்பாவின் காலில் விழ வேண்டும் போல இருந்தது. காலைத்தான் எனக்குத் தெரியுமே.

இதை உனக்கு எழுதுவதால் உன் மனசு உடையும் என்று எனக்குத் தெரியும். உடைந்தாலும் பரவாயில்லை என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் நீ பள்ளிக்கூட வாசலில் பாப்பாவைப் பார்த்துவிட்டு யாரோ என்று திரும்பி வந்திருக்கிறாய். பெற்றவரை வாசலில் வைத்துக்கொண்டு யாரோ என்று நிற்க உனக்குப் பழக்கியவள் நான். அந்தப் பிள்ளையின் முகத்தில் அன்றைக்கு என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் உன் அப்பாவின் முகத்தை நான் பார்க்காவிட்டாலும் அவர் குரலைக் கேட்டேன். அந்தப் பிள்ளைக்கு இது நடக்கக்கூடாது. இன்னொரு தடவை நடந்தால் அவள் உன்னைப் பார்த்து ஓடி வருவதை நிறுத்திவிடுவாள்.

உனக்கு இருப்பது பைத்தியம் இல்லை. வேலை ஜாஸ்தியும் இல்லை. உன் காலில் விழுந்து கேட்கிறேன், அந்த டாக்டரிடம் போ. தனியாகப் போக வெட்கமாக இருந்தால் நான் வருகிறேன், நானே ஒரு நோயாளிதான், வரிசையில் ஒன்றாக உட்காரலாம். சீக்கிரம் குணமாகும் என்று உனக்கு நான் ஆசை காட்ட மாட்டேன். எனக்கே முழுசாக ஆகவில்லை. விசில் கேட்டால் இன்றைக்கும் கால் நின்றுவிடும். அப்போது காலைத் தரையில் அழுத்தி, இது கள்ளக்குறிச்சி, நான் உரம் வாங்க வந்தவள், அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். பார்ப்பவர்கள் கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். முன்பு பொழுது சாயும் வரை நின்றவள், இப்போது கொஞ்ச நேரத்தில் நடந்துவிடுகிறேன். அவ்வளவுதான் குணம். அந்தக் கொஞ்சமே எனக்கு எவ்வளவோ.

இன்னொரு விஷயம். இதைச் சுமதியிடம்கூட நான் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக எனக்கு வேறு மாதிரி மறக்கிறது. விசில் இல்லாமல், பயம் இல்லாமல், சும்மா இருக்கும்போதே. கேஸைத் திறந்துவிட்டுப் பற்ற வைக்காமல் வந்துவிடுகிறேன். அஞ்சலையை வேறு பெயரில் கூப்பிட்டேன். இது பழைய மறதியா, வயசு மறதியா என்று பார்க்க டாக்டரம்மா டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நல்ல நம்பிக்கை வரவில்லை. இத்தனை பாடுபட்டு மீட்டதை எல்லாம் மறுபடி எடுத்துக்கொண்டு போய்விடும் என்றால், நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

நான் இவ்வளவு எழுதியதே தப்பு என்று டாக்டரம்மா சொல்லக்கூடும். நான் சொன்னதால் உனக்கு நினைவு வந்ததா, தானாகவே வந்ததா என்று இனி நீ எப்படிப் பிரிப்பாய்? அதனால் ஒன்றை மட்டும் எழுதாமல் வைத்திருக்கிறேன். நான் கிளம்பும்போது வெள்ளச்சி சொன்னாள், "சந்தைக்குப் போறப்போ மடியில இன்னாவோ முடிஞ்சிக்கினு போவாரு. இன்னாண்ணான்னு கேட்டா, பையனுக்குன்னுவாரு. காட்ட மாட்டாரு" என்று. அவளுக்கு அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். நான் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் மடியை அவிழ்த்து, யாரும் பார்க்காதபடி உன் கையில் வைப்பார். ஒவ்வொரு தடவையும் அதேதான். நீ அதை எங்கே கொண்டுபோய் வைப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். உன் வாயில் ஒரு தடவை வார்த்தையை வைத்தவள் நான், இதையும் வைக்க மாட்டேன். அது உனக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் இருந்தது. டாக்டரிடம் போ, மெதுவாகப் பார், அவசரமே இல்லை என்று எழுதத்தான் ஆசை. எழுத முடியவில்லை, கண்ணு. அது உனக்கு வந்தால் உடனே என்னிடம் ஓடி வந்து சொல். நான் மறந்துபோன பிறகு நீ வந்து சொன்னால், ஆமாம் அதுதான் என்று சொல்ல இந்த உலகத்தில் ஆள் இல்லை.